‘நாய்ஸ்’ என்னும் இரைச்சல்

“அண்ணே, நாய்ஸ மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க, மத்தபடி படம் ரெடி.” குறும்படம் எடுக்கும் தம்பி ஒருவன் பென்டிரைவை நீட்டினான். எட்டு நிமிடப் படம், வசனமெல்லாம் செல்போன் மைக்கில் பதிவானது. ஹெட்போனில் கேட்டால் தலைக்கு மேல் ஃபேன், பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார், நடுவில் நிஜமாகவே ஒரு நாய். எல்லாவற்றுக்கும் அவன் வைத்திருந்த பெயர் ஒன்றுதான்.

அந்தப் பெயர் ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்குக் கூச்சல், சச்சரவு என்று பொருள். இன்னும் பின்னால் போனால் லத்தீனில் குமட்டலைக் குறிக்கும் ‘நாசியா’. அதுவும் கப்பலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது, ஆக முதலில் அது கப்பலில் போகிறவனுக்கு வந்த குமட்டல். இதுதான் பரவலான கருத்து. தீங்கைக் குறிக்கும் வேறொரு லத்தீன் சொல்லே மூலம் என்று வாதிடுவோரும் உண்டு. எனக்கென்னவோ கப்பல் கதைதான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் தமிழில் நாம் அதற்கு ஈடாகச் சொல்லும் சொல்லிலும் கடல் கேட்கிறது.

அந்தச் சொல் இரைச்சல். ‘இரை’ என்ற வினையிலிருந்து வந்தது. கடல் இரையும், மழை இரையும், பசித்தால் வயிறு இரையும், மூன்று மாடி ஏறினால் மூச்சு இரைக்கும். எல்லாமே சொல்லாகப் பிரித்தெடுக்க முடியாத ஒலிகள். “அங்க ஒரே இரைச்சலா இருக்கு, வெளிய வந்து பேசு” என்று போனில் சொல்கிறோமே, பேச்சை அமுக்கும் ஒலி என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. ‘சத்தம்’ இங்கே உதவாது. “சத்தமாப் பேசும்மா” என்று நடிகையிடம் சொல்வதும் அதே சொல்தான். ஒலி, ஓசை இரண்டும் நல்லது கெட்டது பார்க்காத பொதுச் சொற்கள்.

ஆனால் தம்பியின் படத்தில் ஃபேன் மட்டும்தான் இரைச்சல். மோட்டார் போடுவது உறுமல். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மோட்டாரும் ட்யூப்லைட் சோக்கும் பெரும்பாலும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் உறுமும். அந்த இடங்களை மட்டும் ஊசிபோல வெட்டினால் போதும். இந்த உறுமலை ‘ரீங்காரம்’ என்று எழுதுகிறார்கள். வண்டு கேட்டால் கோபித்துக்கொள்ளும்.

அறை வெறுமையாக இருந்ததால் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் இருந்தது. இதை எல்லோரும் எதிரொலி என்கிறார்கள். எதிரொலி தனியாகக் காதில் விழ, சுவர் சுமார் 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் அதற்கு ஏது வழி? இங்கே நடப்பது, பாடநூல் சொல்கிறபடி, எதிர்முழக்கம். குரலோடு சேர்ந்தே பிறந்து குரலோடு ஒட்டிக்கொள்வதால் இரைச்சலுக்கான மருந்து இதற்குக் கேட்காது.

அடுத்த சிக்கல், இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ என்பதன் இரண்டாவது பாதி. ‘இரைச்சல் நீக்கம்’ என்கிறார்கள், ‘களைதல்’ என்கிறார்கள். களையென்றால் வேரோடு பிடுங்கலாம். இதில் முடியாது. ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் வசனங்களுக்கு நடுவே யாரும் பேசாத ஒரு நொடியைக் காட்டினால், ஒவ்வொரு அலைவரிசையிலும் இரைச்சல் எவ்வளவு என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு படம் முழுக்க அந்த அளவை ஒட்டி இருப்பதையெல்லாம் தணிக்கும். பேச்சிலிருந்து இரைச்சலை இப்படிக் கழிக்கும் முறையை ஸ்டீவன் போல் (Boll) என்ற ஆய்வாளர் 1979இல் கட்டுரையாக எழுதினார். கழிக்கும்போது குரலும் கொஞ்சம் போகத்தான் செய்யும். நான் பேராசையில் தணிப்பின் அளவை 24 டெசிபல் என்று வைத்தேன். நாயகியின் “பசிக்குது” என்ற சொல்லில் ‘சி’யைக் காணோம். ‘ஸ’ ஒலியே ஒரு சீறல், மென்பொருளுக்கு அதுவும் ஃபேனும் உறவுக்காரர்கள். மிச்சக் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. 12க்கு இறக்கினேன். அதாவது இரைச்சலின் வீச்சில் கால்வாசி அப்படியே இருக்கும், ஆனால் ‘சி’ திரும்பி வந்தது.

ஆகவே இரைச்சல் குறைப்பு என்பதே சரி. கேசட் காலத்து டெக்குகளில் ‘டால்பி என்.ஆர்.’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதில் ‘ஆர்’ என்பது ‘ரிடக்‌ஷன்’, அதற்கும் குறைப்பு என்றுதான் பொருள். விற்கிறவர்களே நீக்கம் என்று சொல்லவில்லை.

நாய்? அது இரைச்சலே இல்லை, குரைப்பு. ஒரு வசனத்தின் மேலேயே விழுந்திருந்தது. அந்த ஒரு வரிக்காகத் தம்பி அந்தப் பெண்ணை மறுபடி வரச்சொல்லி, அதே அறையில், ஃபேனை அணைத்துவிட்டுப் பேசவைத்தான். சேர்த்துக் கேட்டால் புது வரி மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. பக்கத்து வரியிலிருந்து கொஞ்சம் ஃபேன் இரைச்சலை வெட்டி அதன் அடியில் போட்டேன்.