பிராசஸ் போன பின்னும் போகாத நினைவகம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் லினக்ஸ் சர்வரைப் பார்க்கச் சொல்லி என்னை அழைத்தார்கள். 16 ஜிபி நினைவகம் கொண்ட அந்த சர்வர் சில வாரங்களுக்கு ஒருமுறை, நினைவகம் போதாமல் டிஸ்க்கை நாடும் ஸ்வாப்பில் விழுந்து தவழத் தொடங்கும். ரீபூட் செய்தால் சரியாகிவிடும். அதையே ஒரு வழக்கமாக்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் போனபோது அவர்களுடைய அப்ளிகேஷன் முழுவதையும் நிறுத்தச் சொன்னேன். மிச்சம் ஓடிக்கொண்டிருந்த பிராசஸ்கள் (இயங்கும் புரோகிராம்கள்) பிடித்திருந்த நினைவகத்தைக் கூட்டிப் பார்த்தால் 1 ஜிபிகூட வரவில்லை. ஆனால் நினைவகக் கணக்கைக் காட்டும் 'ஃப்ரீ' கட்டளையில் பஃப்/கேஷ் என்ற பத்தி மட்டும் 11 ஜிபியைத் தாண்டி நின்றது. கேஷ்தானே, தேவைப்பட்டால் லினக்ஸின் மையமான கர்னலே விட்டுக்கொடுத்துவிடும் என்று அங்கிருந்தவர்கள் நம்பினார்கள். பல பிராசஸ்கள் பொதுவில் பயன்படுத்தும் பகிர்வு நினைவகமும் அந்தக் கணக்கில்தான் சேரும் என்பதும், கேஷைக் காலி செய்யும் கட்டளை அதைத் தொடவே தொடாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பக்கத்திலேயே உள்ள 'ஷேர்டு' பத்தியைப் பார்த்திருந்தால் அன்றே புரிந்திருக்கும்.

பகிர்வு நினைவகத் துண்டுகளை, அதாவது செக்மென்ட்டுகளை, பட்டியலிடும் 'ஐபிசிஎஸ் -எம்' கட்டளையை அடித்தேன். ஒவ்வொன்றும் 1073741824 பைட், அதாவது சரியாக 1 ஜிபி, என்று 11 வரிகள் வந்தன. கீ பத்தியில் எல்லாம் பூஜ்ஜியம். எத்தனை பிராசஸ்கள் இணைந்திருக்கின்றன என்று காட்டும் என்அட்டாச் பத்தியிலும் பூஜ்ஜியம். அப்ளிகேஷன் தொங்கும்போதெல்லாம் அதை 'கில் -9' போட்டுக் கொன்று மீண்டும் கிளப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அது புதிதாக ஒரு செக்மென்ட் உருவாக்கிக்கொண்டது. பழையது அப்படியே கிடந்தது.

மாலாக் என்ற வழக்கமான அழைப்பின் மூலம் ஒரு பிராசஸ் தனக்கென வாங்கும் நினைவகம் பட்டா நிலம் போன்றது. பிராசஸ் முடிந்ததும் கர்னல் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பகிர்வு நினைவகத்துக்கான பழைய முறையான சிஸ்டம் ஃபைவில் எஸ்எச்எம்கெட் அழைப்பின் வழியாக உருவாகும் செக்மென்ட் அப்படியல்ல. அது எந்தப் பிராசஸின் சொத்தாகவும் இல்லாமல் கர்னலின் பொறுப்பில் இருக்கிறது. பிராசஸ் இறக்கும்போது இணைப்பு மட்டுமே அறுபடுகிறதே தவிர, யாராவது வெளிப்படையாக நீக்கும் வரையோ ரீபூட் ஆகும் வரையோ செக்மென்ட் நிலைத்திருக்கும். புரோகிராமின் கடைசியில் நீக்கும் வரியை எழுதிவைத்திருந்தோமே என்று அந்த நிறுவனத்தார் வாதிட்டார்கள். உண்மைதான், ஆனால் 'கில் -9' என்பது பிராசஸால் பிடிக்கவே முடியாத சிக்னல்; அந்த வரிக்கு ஓடும் வாய்ப்பே கிடைக்காது.

தேவையான பிராசஸ்கள் எல்லாம் இணைந்தவுடனேயே, வேலை தொடங்கும் முன்பே, அந்தச் செக்மென்ட்டை நீக்கச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் நான் சொன்ன திருத்தம். லினக்ஸ் உடனே அதை அழிப்பதில்லை. அழிக்க வேண்டியது என்று குறித்துவைத்துக்கொண்டு, கடைசி இணைப்பு அறும்போது, அது எப்படி அறுந்தாலும், தானே விடுவித்துவிடுகிறது. இடையில் வந்து சேரும் பிராசஸ்கள் இருந்தால் இந்த வழி ஒத்துவராது. அங்கே சர்வீஸ் தொடங்கும்போதே பழைய மிச்சத்தைத் தேடி நீக்கும் வேலையை ஒரு பிராசஸிடம் ஒப்படைக்க வேண்டும்.

என்அட்டாச் பூஜ்ஜியமாக இருப்பதெல்லாம் குப்பை என்று எண்ணி, லூப் போட்டு அழிக்கும் ஸ்கிரிப்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்கும். புரோகிராமை நிறுத்தி மீண்டும் கிளப்பிய பிறகும் தரவு இருக்க வேண்டும் என்பதற்காகவே சில புரோகிராம்கள் செக்மென்ட்டை விட்டுச் செல்கின்றன. 'ஐபிசிஎஸ் -பி' கொடுத்தால் உருவாக்கிய பிராசஸின் எண்ணும் கடைசியாகத் தொட்ட பிராசஸின் எண்ணும் தெரியும், '-டி' கொடுத்தால் நேரம் தெரியும். அவற்றைப் பார்த்த பிறகே நீக்குங்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு பிழை உண்டு. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் லாகின் சேவையில் ரிமூவ்ஐபிசி என்ற அமைப்பு இயங்கினால், சாதாரணப் பயனர் ஒருவரின் கடைசி லாகின் முடிந்ததும் அவருடைய பகிர்வு நினைவகப் பொருள்கள் நீக்கப்படும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைச் சிஸ்டம் பயனராக அல்லாமல் சாதாரணப் பயனராக ஓட்டியவர்கள் இதில் அடிபட்டிருக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் ஆவணத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது.

போசிக்ஸ் என்ற மற்றொரு முறையில் எஸ்எச்எம் ஓப்பன் அழைப்பால் உருவாக்கும் பகிர்வு நினைவகம் லினக்ஸில் டெவ்/எஸ்எச்எம் அடைவில் ஒரு கோப்பாகவே தெரிவதால் கண்காணிப்பது எளிது. ஆனால் புரோகிராமைத் தனியே அடைத்து ஓட்டும் டாக்கர் கண்டெய்னருக்குள் அந்த இடம் வழக்கமாக 64 எம்பி மட்டுமே. போஸ்ட்கிரெஸில் பல பிராசஸ்கள் பகிர்ந்து செய்யும் பெரிய பேரலல் குவெரி ஓடும்போது, டிஸ்க்கில் நூறு ஜிபி காலியாக இருக்க, இடமில்லை என்று பிழை வருவதற்கு இதுவே காரணம். டிஸ்க்கைத் துழாவ வேண்டாம், டாக்கரின் எஸ்எச்எம்-சைஸ் அளவைக் கூட்டுங்கள். வேறு புரோகிராம்களில் இதே குறை பிழைச்செய்தியாக வராமல், எழுதும் நேரத்தில் சிக்பஸ் சிக்னலாக வந்து பிராசஸையே வீழ்த்தும். எஃப்ட்ரன்கேட் என்ற அழைப்பு அளவைச் சொல்லுமே தவிர இடத்தை ஒதுக்காது. போசிக்ஸ் ஃபாலோகேட் கொண்டு முன்கூட்டியே ஒதுக்கிவிட்டால், இடமில்லை என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்.

பகிர்வு நினைவகத்தில் ஒரே நேரத்தில் பலர் எழுதாமல் தடுக்க மியூடெக்ஸ் என்ற பூட்டு வைப்பார்கள். அந்தப் பூட்டைப் பிடித்தபடியே ஒரு பிராசஸ் இறந்தால் மற்றவை அதற்காகக் காத்துக் கிடக்கும். உரிமையாளரின் இறப்பைக் கவனிக்கும் ரோபஸ்ட் வகை மியூடெக்ஸ் என்றால் அடுத்து கேட்பவருக்கு, உரிமையாளர் இறந்துவிட்டார் என்ற பிழை எண் கிடைக்கும். ஆனால் பாதி எழுதப்பட்ட தரவைச் சரிசெய்வது கேட்டவரின் வேலை. அந்தப் பகுதியை எழுதாமல் மியூடெக்ஸின் வகையை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியானவர்களும் உண்டு.

அந்த 11 செக்மென்ட்டுகளையும், ஒவ்வொன்றையும் உருவாக்கிய பிராசஸ் உயிரோடு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஐபிசிஆர்எம் கட்டளை கொண்டு நீக்கினேன். ரீபூட் இல்லாமலே பஃப்/கேஷ் பத்தி 11 ஜிபி இறங்கியது.