ஆபரேஷனுக்குக் காப்பீடு இருக்கிறது, வீட்டுக்கு வந்த பிறகு?

பாபநாசம் பக்கம் எங்கள் பெரியம்மா படித்துறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் செலவில்லாமல் முடிந்தது. ஆனால் டிஸ்சார்ஜ் ஆகும்போது, அவரை யார் எழுப்பி நடக்கவைப்பது, படுக்கைப் புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, தப்பு எங்கள் மேலும்தான்.

காப்பீட்டு விவரம் பலருக்குத் தெரிந்ததே: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், ரேஷன் கார்டு, ஆதார், விஏஓவிடம் வாங்கிய வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள பதிவு மையத்துக்குப் போனால் போதும், குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. கட்டணமில்லா எண் 1800 425 3993. கூடவே இருக்கும் வயதான அப்பா அம்மா பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், விழுந்த பிறகு பார்க்க நேரம் இருக்காது. இதோடு இணைந்த மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டு விதியில் டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாள் வரை மருந்து, பரிசோதனைச் செலவும் அடக்கம். அதைக் கேட்காமலே வெளிக்கடையில் மாத்திரை வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

அந்த 15 நாளில் இடுப்பு எலும்பு கூடிவிடாது, மூன்று மாதமாவது ஆகும், எழுபது வயது தாண்டியவர்களுக்கு இன்னும் கூட இழுக்கும். அங்கேதான் 'மக்களைத் தேடி மருத்துவம்' உதவும். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தைப் பலர் சுகர், பிபி மாத்திரை வீட்டுக்கு வரும் திட்டம் என்று மட்டும் நினைக்கிறார்கள். இதில் இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) தருபவரும், படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பராமரிக்கும் நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் உண்டு, நடமாட முடியாதவர் வீட்டுக்கே வருவார்கள், காசு கிடையாது. உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் டிஸ்சார்ஜ் சம்மரி ஜெராக்ஸைக் கொடுத்துப் பெயரைப் பதியச் சொல்லுங்கள். பெரியம்மாவுக்கு நாங்கள் பதிந்தது ஆறு வாரம் கழித்து. அதற்குள் முட்டி இறுகிவிட்டது.

ஒன்று, இந்தத் திட்டத்தில் வருகிறவர்கள் தினமும் வரமாட்டார்கள். வரும் அன்று பயிற்சியை உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், மற்ற நாளெல்லாம் செய்யவைப்பது வீட்டில் இருப்பவர் வேலை. குறுவை அறுப்பு நேரத்தில் எல்லாரும் வயலுக்குப் போய்விட்டால் கட்டிலோடு கிடக்கிறவரைப் பார்க்க ஆளிருக்காது, அதற்கு யாரையாவது முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தையலில் சிவப்பு, சீழ், கெண்டைக்காலில் திடீர் வீக்கம், காய்ச்சல் என்று எது வந்தாலும் அவர்கள் வருகைக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மூச்சுத் திணறினால் 108.