ஒகேனக்கல் தண்ணீரும் ஜப்பான் கடனும்: யார் வாங்கினார்கள், யார் கட்டுகிறார்கள்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை "ஜப்பான் கொடுத்தது" என்று நம்ம பக்கம் பலரும் சொல்கிறார்கள். அது இனாம் இல்லை, கடன். 1,928.80 கோடி ரூபாய் திட்டத்தில் பெரும்பங்கு ஜப்பானின் குறைந்த வட்டிக் கடன். ஒப்பந்தம் கையெழுத்தானது 2008 மார்ச்சில்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராம் தாண்டினால் குடிக்கக் கூடாது என்பது அளவு. பல்லில் பழுப்புக் கறை, வயதானால் மடக்க முடியாத முட்டி, இதெல்லாம் எத்தனையோ வருடமாக நம் வீடுகளில் இருக்கிறது. அப்படியானால் தண்ணீர் ஏன் 2013-இல்தான் வந்தது? இங்கேதான் அரசியல் வருகிறது.

அரசியலமைப்பின் 293ஆம் பிரிவுப்படி மாநில அரசு இந்தியாவுக்குள் மட்டுமே கடன் வாங்கலாம். அதனால் வெளிநாட்டுக் கடனை ஒன்றிய அரசு வாங்கி மாநிலத்துக்குத் தருகிறது. எந்த மாநிலத்தின் எந்தத் திட்டம் டோக்கியோவரை போகும் என்பதை முதலில் டெல்லி நிதி அமைச்சகம் பார்க்கும், ஆக நம் ஊர்த் தேவை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சென்னையும் டெல்லியும் சேர்ந்து தள்ளாமல் கோப்பு நகராது. கொடுக்கும் நாட்டிலும் இதே கதைதான். 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு சோதனை நடந்ததும், அணுகுண்டின் வலி தெரிந்த ஜப்பான் இந்தியாவுக்குப் புதிய கடன்களை நிறுத்தியது, 2001 அக்டோபரில்தான் அந்தத் தடையை விலக்கியது.

அதே 1998 ஜூனில், ஒன்றிய அரசின் முன்னிலையில், பெங்களூருக்குக் காவிரிக் குடிநீர், நமக்கு ஒகேனக்கலில் 1.4 டிஎம்சி என்று இரு மாநிலமும் ஒப்புக்கொண்டிருந்தன. ஆனாலும் 2008 பிப்ரவரியில் இங்கே அடிக்கல் நாட்டியபோது கர்நாடகாவில் தேர்தல் நேரம், அங்கே பெரிய போராட்டம் வெடித்தது. தேர்தல் முடிந்து புது ஆட்சி வரட்டும் என்று ஏப்ரலில் முதல்வர் கருணாநிதி அறிவித்தார். ஒப்பந்தம் கையில், பணமும் தயார், ஆனால் இன்னொரு மாநிலத்தின் ஓட்டுக்காக நாம் காத்திருக்க வேண்டியிருந்தது! எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. 2013 மே மாதம் திட்டத்தைத் தொடங்கிவைத்தவர் ஜெயலலிதா. அடிக்கல் ஒரு ஆட்சி, திறப்பு இன்னொரு ஆட்சி, கடன் மட்டும் இரண்டுக்கும் பொது.

சரி, யார் கட்டுகிறார்கள்? 2005-க்குப் பிறகு ஒன்றிய அரசு இப்படிப்பட்ட கடனை அதே வட்டி, அதே தவணையோடு மாநிலத்துக்கு மாற்றிவிடுகிறது. யென் மதிப்பு ஏறினால் அந்தச் சுமையும் மாநிலத்துடையது, அதாவது நம் வரிப்பணம். அதனால் இது யாரோ கொடுத்த தானம் என்று நினைத்துத் தயங்காதீர்கள். கிராம சபையில் கேளுங்கள், பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். எங்கள் ஊருக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் ஒதுக்கீடு, வருவது எத்தனை, மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரைக் கலக்கிறார்களா, கலந்த தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்று நான்கையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள்.