கசியும் பானையும் கசியும் அணையும்

கூரை ஒழுகுகிறது, குழாய் சொட்டுகிறது, பானை கசிகிறது. மூன்றிலும் வெளியேறுவது நீர்தான் என்றாலும், ஒரு சொல்லின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் காது ஏற்பதில்லை. ஒழுகுவதற்கு ஓட்டையோ விரிசலோ வேண்டும். கசிவதற்கு அது தேவையில்லை. பொருளுக்குள் இயல்பாகவே உள்ள நுண்துளைகளின் வழியே நீர் மெல்ல ஊடுருவி, மறுபுறத்தில் ஈரமாக அரும்புவதே கசிவு. கம்பிகள் உரசித் தீப்பிடித்ததையெல்லாம் 'மின்கசிவு' என்று செய்திகளில் எழுதுவது இந்த நுட்பமான சொல்லுக்குச் செய்யும் அநீதி என்றே எனக்குத் தோன்றுகிறது.

மண்பானை கசிவதால்தான் தண்ணீர் குளிர்கிறது. வெளிப்புறத்தை வந்தடைந்த ஈரத்தில் ஒரு கிராம் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதில் பெரும்பகுதி பானையிடமிருந்தும் உள்ளே இருக்கும் நீரிடமிருந்தும் போகிறது. நாளடைவில் நீரிலுள்ள உப்புகள் துளைகளை அடைத்துவிடுவதால், பழைய பானை புதியதைப் போலக் குளிர்விப்பதில்லை.

கசிவு எவ்வளவு என்பதைக் கணக்கிடும் விதியை, பிரான்சின் டிஜோன் நகரில் மணல் நிரப்பிய குழாய்களில் நீரைச் செலுத்தி ஆராய்ந்த ஹென்றி டார்சி 1856-இல் வெளியிட்டார். இருபுறமும் உள்ள நீரழுத்த வேறுபாடு கூடினால் கசிவு கூடும். நீர் கடக்க வேண்டிய தொலைவு கூடினால் குறையும்.

அணைகளுக்கும் இது பொருந்தும். கசியாத அணை என்று ஒன்று இல்லை. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை, கல்லும், சுண்ணாம்போடு சுர்க்கி என்னும் செங்கல் தூள் கலந்த காரையும் கொண்டு எழுப்பப்பட்டது. அங்கே ஆய்வுக்குச் செல்லும் குழுவினர் நீர்மட்டத்தோடு கசிவுநீரின் அளவையும் பார்ப்பது வழக்கம். இத்தகைய அணைகள் தம் எடையாலேயே நிற்பவை. அடித்தளத்துக்குள் புகுந்த நீர் அணையை மேல்நோக்கி உந்தி அந்த எடையின் பயனைக் குறைக்கும் என்பதால், வடிகால் துளைகள் அமைத்துக் கசிவுநீரைப் பொறியாளர்களே வெளியேற்றுகிறார்கள். அந்த நீரை 'வி' வடிவ வெட்டுள்ள தகட்டின் வழியே விழச் செய்து, வெட்டில் அது நிற்கும் உயரத்தை அளந்தால் ஓட்டத்தின் அளவு தெரிந்துவிடும். உயரம் இரு மடங்கானால் ஓட்டம் ஏறத்தாழ 5.7 மடங்காகும்.

தேக்கத்தின் நீர்மட்டம் உயரும்போது கசிவும் உயர்வது இயல்பு. மட்டம் மாறாமல் இருக்கையில் கசிவு மட்டும் கூடினால் உள்ளே புதிய வழி திறந்திருக்கலாம். திடீரென்று குறைந்தாலும் மகிழ்வதற்கில்லை; வடிகால் அடைபட்டு, வெளியேற வேண்டிய நீர் அடியில் தேங்கி அணையை உந்திக்கொண்டிருக்கலாம்.

அளவைப் போலவே நிறமும் முக்கியம், குறிப்பாக மண் அணைகளில். தெளிந்த கசிவு வெறும் நீர். கலங்கிய கசிவோ அணையின் மண்ணையே கொஞ்சம் கொஞ்சமாக அரித்து வருவது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணையில் முதன்முறையாக நீர் நிரப்பிக்கொண்டிருந்தபோது, அணைக்குக் கீழே முதலில் காணப்பட்ட ஊற்றுகள் தெளிவாகவே இருந்தன. 1976 ஜூன் 5 அன்று காலை கசிவு கலங்கி வந்தது. நண்பகலுக்குள் அணை உடைந்துவிட்டது.