லிஃப்ட் பிராக்கெட் தூக்குவது எதை?

காடு மேடு ஏறுகிற வண்டிக்கு நீளமான ஸ்பிரிங் மாட்டி ஐந்து சென்டிமீட்டர் உயர்த்தியவர்கள் முதல் ஓட்டத்திலேயே சொல்கிற புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டால் அது தானாக நேருக்கு வர மாட்டேன் என்கிறது, நேரான சாலையில்கூட வண்டி அலைகிறது. உயர்த்தியது உடம்பை, கெட்டது ஸ்டியரிங். இரண்டுக்கும் நடுவில் இருப்பது கோணம். அந்தக் கோணத்தைச் சரிசெய்யத்தான் பிராக்கெட் எனும் இரும்புத் தாங்கி. பெயரில் லிஃப்ட் இருந்தாலும் இங்கே நான் சொல்கிற வகை பிராக்கெட் வண்டியை ஒரு மில்லிமீட்டர்கூடத் தூக்குவதில்லை.

முன்பக்கமும் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஆக்சில் ஒரே தண்டாக உள்ள வண்டியை எடுத்துக்கொள்வோம். ஸ்பிரிங் எடையை மட்டும்தான் தாங்கும். ஆக்சில் முன்னும் பின்னும் ஓடாமல் பிடித்துவைப்பது ஆர்ம் எனப்படும் இரும்புக் கைகள். கையின் ஒரு முனை ஆக்சிலில் இறுக்கமாக, இன்னொரு முனை கொஞ்சம் பின்னால், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில். இப்போது சேஸிஸ் மேலே போகிறது, கையின் பின்முனையும் கூடவே போகிறது, கை சாய்கிறது, அதோடு ஆக்சிலும் முன்பக்கமாக உருள்கிறது. ஒரு மீட்டர் நீளக் கைக்கு ஐந்து சென்டிமீட்டர் உயர்வு என்றால் கிட்டத்தட்ட 2.9 டிகிரி. கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருக்கிறதே, அதே மாதிரி காரிலும் சக்கரம் திரும்புகிற அச்சு மேலே பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். காஸ்டர் என்பது அதுதான். சக்கரம் தானாக நேருக்கு வருவது பெரும்பாலும் அதன் தயவில். அந்தச் சாய்வே மொத்தத்தில் சில டிகிரிதான், அதில் மூன்றைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

பிராக்கெட் செய்கிற வேலை எளிது. சேஸிஸின் பழைய துளையில் அதை மாட்டினால், கைக்கான புதுத் துளை ஐந்து சென்டிமீட்டர் கீழே வந்து நிற்கும். கை பழைய சாய்வுக்குத் திரும்பும், காஸ்டரும் திரும்பும். இன்னொரு லாபம், பலர் கவனிக்காதது: அதிகம் சாய்ந்த கையில் சக்கரம் மேட்டில் ஏறும்போது மேலே மட்டும் போகாது, முன்னோக்கியும் நகரும், அதாவது மேட்டை நோக்கியே போய் மோதும். லிஃப்ட் செய்த வண்டி பள்ளத்தில் படீரென்று அடிப்பதற்கு ஸ்பிரிங்கைத் திட்டுகிறோம், பாதிக் குற்றம் இந்தச் சாய்வின் மேல்.

விலையும் உண்டு. பாறையில் இடிக்கக் கூடாது என்று உயர்த்திய வண்டியின் அடியில் நாமே ஒரு இரும்பைத் தொங்க விடுகிறோம். அதோடு, பிரேக் அடிக்கும்போது கை தள்ளுகிற விசை இப்போது பழைய துளைக்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே விழுகிறது, அதாவது நெம்புகோல். ஒரே போல்ட்டில் தொங்கும் பிராக்கெட் அந்த விசையில் சுழலப் பார்க்கும். அதனால்தான் இரண்டாவது போல்ட்டோ வெல்டிங்கோ வேண்டும். கிட்டில் வந்த அந்தச் சின்ன போல்ட்டை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் பான்ஹார்ட் ராடிலும் இதே கதை, ஆனால் கணக்கு வேறு. 80 சென்டிமீட்டர் ராட் படுத்த நிலையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் சாய்ந்தால் ஆக்சில் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம்தான் நகரும். ஏற்கெனவே பத்து சாய்ந்திருந்த ராட் பதினைந்துக்குப் போனாலோ எட்டு மில்லிமீட்டர். அதே லிஃப்டுக்கு ஒரு வண்டி நேராகவும் இன்னொன்று கோணலாகவும் நிற்பதன் ரகசியம் இது.

சரி, மாட்டுவதற்கு வருவோம். தரை சமமாக இருக்கட்டும், பின் சக்கரங்களுக்கு அண்டை கொடுங்கள், வண்டியின் எடை ஜாக்கில் இல்லாமல் சேஸிஸுக்கு அடியில் வைத்த ஸ்டாண்டில் நிற்கட்டும். ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கை முட்டுக் கொடுத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு கையை மட்டும் கழற்றுங்கள். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் ஆக்சில் தன் இஷ்டத்துக்கு உருண்டுவிடும், அப்புறம் துளைகளைச் சேர்ப்பதற்குள் பொழுது போய்விடும். துளை ஒத்து வந்ததா என்று விரலை விட்டுப் பார்க்கவே கூடாது. ஆக்சில் சட்டென்று நகர்ந்தால் விரல் போய்விடும், ஸ்க்ரூடிரைவரை விட்டுப் பாருங்கள்.

நான் கோட்டைவிட்டது இதற்கு அடுத்த இடத்தில். முதல் தடவை சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே எல்லா போல்ட்டையும் முழு பலத்தில் இறுக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டேன். சில மாதத்தில் கிரீச் சத்தம், குனிந்து பார்த்தால் கை முனையில் உள்ள புஷ்ஷின் ரப்பர் பிளந்திருந்தது. புஷ் பேரிங் மாதிரி சுற்றுவதில்லை. உள்ளே ஒரு குழாய், வெளியே ஒரு குழாய், நடுவில் இரண்டிலும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் பிராக்கெட்டோடு நெருக்கிப் பிடிக்கப்படும், அதன்பின் கை அசைவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கிய துணி மாதிரி இருக்கும். எனவே போல்ட்டை விரல் பலத்தில் மட்டும் திருகிவிட்டு, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, இரண்டு தடவை அமுக்கி ஆட்டிவிட்டு, பிறகுதான் முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சை எடுக்க வேண்டும்.

அந்த இறுக்கம் எதற்கு என்று தெரிந்தால் அதில் சோம்பல் வராது. இந்த இடத்தில் கையைப் பிடித்துவைப்பது போல்ட்டின் தண்டு அல்ல, போல்ட் நீண்டு இழுப்பதால் தகடுகளுக்கு நடுவில் உண்டாகும் உராய்வு. 12 மில்லிமீட்டர் போல்ட்டை 80 நியூட்டன் மீட்டர் முறுக்கில், எண்ணெய் தடவாமல் இறுக்கினால் தோராயமாக மூன்று டன்னுக்கு மேல் நெருக்கும். நீங்கள் போடுகிற முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் அந்த நெருக்கமாக மாறுகிறது, மீதி மரையிலும் தலைக்கு அடியிலும் உராய்விலேயே போய்விடும். அதனால் மரையில் கிரீஸ் தடவிவிட்டு அதே எண்ணில் இறுக்கினால் நெருக்கம் எக்கச்சக்கமாக ஏறி போல்ட் இழுபட்டுப் போகலாம்.

இத்தனைக்கும் பிறகு ஆக்சிலின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் குண்டு பழைய உயரத்தில்தான் இருக்கும். அது தரையிலிருந்து எழும்ப வேண்டுமானால் பெரும்பாலும் பெரிய டயர்தான் வழி. எடையின் மையமோ ஏறிவிட்டது. ஒன்றரை மீட்டர் அகல வண்டியில் மையம் 70 சென்டிமீட்டரிலிருந்து 75க்குப் போனால், பாதி அகலத்தை உயரத்தால் வகுத்து வரும் எண் 1.07இலிருந்து 1.0க்கு இறங்கும். எண் குறையக் குறைய வண்டி கவிழ்வது எளிது, ஆகவே வளைவில் பழைய வேகம் வேண்டாம்.

கிளம்பும் முன் சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்று பாருங்கள், ஸ்டியரிங்கை இரு கடைசிக்கும் திருப்பியும் பாருங்கள். இறுக்கிய ஒவ்வொரு நட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்கே பெயிண்டில் ஒரு கோடு போடுங்கள். இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி அதே அளவில் ரெஞ்சை வையுங்கள். கோடு கலையாமல் இருந்தும் நட் கொஞ்சம் ஓடினால், அடியில் பிராக்கெட்டின் பெயிண்ட் நசுங்கி நெருக்கம் குறைந்திருக்கிறது. இறுக்கிவிட்டு, கோட்டைப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.