இராயரிடம் மேல்முறையீடு: பவுல் கையில் எடுத்த ரோமச் சட்ட உரிமை

ரோமப் பேரரசின் மாகாணங்களில் ஆளுநர் வைத்ததுதான் சட்டம். சாதாரண உள்ளூர்க்காரரைச் சவுக்கால் அடிக்கலாம், சிலுவையில்கூட அறையலாம். ரோமக் குடிமகன் மீது மட்டும் அப்படிக் கைவைக்க முடியாது. விசாரிக்காமல் அவரை அடிப்பதையும், மேல்முறையீட்டை மீறித் தண்டிப்பதையும் பழைய போர்க்கியச் சட்டமும் பிறகு வந்த யூலியச் சட்டமும் தடுத்தன.

குடியுரிமை பிறப்பால் வரும். துணைப்படையில் 25 ஆண்டு சேவை முடித்தாலும் கிடைக்கும். காசு கொடுத்து வாங்கியவர்களும் உண்டு. கிறிஸ்தவத்தைப் பரப்பிய அப்போஸ்தலர் பவுலை எருசலேமில் பிடித்த படைத்தலைவர் லீசியாவே பெருந்தொகை கொடுத்து வாங்கியவர்தான். வாரால் கட்டி அடிக்கப் போகும் நேரத்தில், தான் பிறப்பாலேயே ரோமன் என்றார் பவுல். அதோடு அடி நின்றது.

சரி, மேல்முறையீட்டுக்கு ஏன் போனார்? ஆளுநர் இருந்த ஊரான செசரியாவில் பேலிக்ஸ் என்ற ஆளுநர் லஞ்சம் கிடைக்கும் என்று எதிர்பார்த்து, யூதத் தலைவர்கள் பவுல் மீது கொண்டுவந்த வழக்கை முடிக்காமல் 2 ஆண்டு இழுத்தார். கி.பி. 60 வாக்கில் அவருக்குப் பின் வந்த பெஸ்து, வழக்கை எருசலேமில் நடத்தலாமா என்று கேட்டார். வழியிலேயே பவுலைத் தீர்த்துக்கட்ட அங்கே ஆட்கள் காத்திருந்தார்கள். "இராயருக்கு அபயமிடுகிறேன்" என்றார் பவுல்; அதாவது ரோமப் பேரரசரிடமே மேல்முறையீடு செய்கிறேன் என்று. பைபிளில் இதைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் என்ற நூலின்படி மனு, முத்திரை எதுவும் இல்லை, வாய்ச்சொல்லே போதுமாயிற்று. தீர்ப்பு வருவதற்கு முன்பே கேட்டது என்பதையும் கவனிக்க வேண்டும்; நம் ஊர் அப்பீலைப் போலத் தீர்ப்புக்காக அவர் காத்திருக்கவில்லை. பெஸ்து தன் ஆலோசனைக் குழுவிடம் பேசிவிட்டு ஒப்புக்கொண்டார்.

அப்புறம்தான் சிக்கல். கைதியோடு குற்றச்சாட்டை விளக்கும் கடிதமும் ரோமுக்குப் போக வேண்டும். என்ன எழுதுவதென்று பெஸ்துவுக்கே தெரியவில்லை. யூத அரசர் அகிரிப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து பவுலைப் பேசச் சொன்னார். கேட்டு முடித்த அகிரிப்பா, இராயரிடம் போகாதிருந்தால் இவரை விடுதலை செய்திருக்கலாம் என்றார். ஆளுநரின் கையைக் கட்டிய அதே உரிமை, அதைக் கோரிய பவுலையும் கட்டிப்போட்டது.

பிறகு நூற்றுக்கதிபதியின் காவலில் கப்பல் பயணம், மால்டா அருகே கப்பற்சேதம். ரோமில் 2 ஆண்டு வாடகை வீட்டில், காவலுக்கு ஒரு படைவீரன். அப்போது இராயர் நீரோ. தீர்ப்பு என்ன என்பதை நடபடிகள் சொல்லாமலே முடிகிறது.

கி.பி. 112 வாக்கில் பித்தினியா (இன்றைய வடதுருக்கி) ஆளுநர் பிளினியும் இதே விதியைத்தான் கடைப்பிடித்தார். விசுவாசத்தை விடாத கிறிஸ்தவர்களில் குடியுரிமை உள்ளவர்களை ரோமுக்கு அனுப்பக் குறித்துவைத்தார். மற்றவர்களுக்கு அங்கேயே மரண தண்டனை.