‘கம்ப்யூட்டரே 16 டிபி காட்டுதே அண்ணே!’

இந்த முகூர்த்த சீசனிலும் ஒரு போலி டிரைவ் என்னிடம் வந்துவிட்டது. கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர், கையில் பளபளவென்று ஒரு சின்னப் பெட்டி. மேலே ‘16 டிபி எஸ்எஸ்டி’ என்று அச்சு, அதாவது பதினாறாயிரம் ஜிபி கொள்ளும் அதிவேக சேமிப்பு டிரைவாம். ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைத்ததாம். மூன்று கல்யாணம், ஒரு வளைகாப்பு, ஒரு காதுகுத்து, அத்தனையும் அதற்குள். ஃபோல்டர் திறக்கிறது. ஃபைல் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. முதல் கல்யாணத்தில் பாதி ஓடுகிறது, அதற்கப்புறம் எதைத் தொட்டாலும் திறக்க மாட்டேன் என்கிறது.

“ரெக்கவர் பண்ணிடலாம்ல அண்ணே?”

முடியாது. ஏன் முடியாது என்பதை ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து விளக்கி வாய் வலிக்கிறது. எழுதிப் போட்டுவிட்டால் இனி வருபவர்களுக்கு லிங்க் அனுப்பிவிடலாம்.

முதலில் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிடுவோம். ஸ்க்ரூ எதுவும் கிடையாது. ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினால் மூடி கழன்று வந்துவிடும். உள்ளே முக்கால்வாசி வெற்றிடம். ஓரமாக விரல் அகலத்தில் ஒரு பச்சை போர்டு, அதன் மேல் செல்போனில் போடுகிற மைக்ரோ எஸ்டி கார்டு, அது ஆடாமல் இருக்க ஒரு சொட்டு க்ளூ. கார்டை எடுத்து ரீடரில் போட்டுச் சோதித்தால் உண்மையில் இருப்பது 64 ஜிபி. வெளியே டைப்-சி வாய் வைத்திருப்பார்கள், உள்ளே ஓடுவது பழைய யூஎஸ்பி 2.0. இதில் எஸ்எஸ்டி என்று சொல்ல ஒன்றுமே இல்லை, ஸ்டிக்கரைத் தவிர.

இதைக் கண்ணெதிரே காட்டிய பிறகும் தம்பி சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். படித்தவர், படிக்காதவர், ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவர், ஒருத்தரும் விதிவிலக்கில்லை. ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் எதையும் அளந்து பார்ப்பதில்லை. நீங்கள் டிரைவைச் செருகியதும், “உன்னிடம் எவ்வளவு இடம் இருக்கிறது?” என்று கேட்கிறது. அதற்குப் பதில் சொல்வது டிரைவுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சிப். அது என்ன எண்ணைச் சொல்கிறதோ அதைத்தான் விண்டோஸ் திரையில் காட்டுகிறது. மேக் காட்டுகிறது, லினக்ஸ் காட்டுகிறது, உங்கள் வீட்டு டிவியும் அதையேதான் காட்டும். அரிசி மூட்டையில் ‘50 கிலோ’ என்று அச்சடித்திருப்பதை வாசிப்பதற்கும் தராசில் ஏற்றுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. கம்ப்யூட்டர் வாசிக்கிறது, தராசில் ஏற்றவில்லை. அந்த சிப்பின் மென்பொருளை மாற்றி 64 என்று சொல்ல வேண்டிய இடத்தில் 16,000 என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். மோசடி முழுவதும் அந்த ஒரு பொய்யில் இருக்கிறது.

“ஃபார்மட் ஆச்சே?” ஆகும். குவிக் ஃபார்மட் என்பது ஆரம்பத்தில் கொஞ்ச இடத்தில் மட்டும் எழுதுகிற வேலை. மீதி இடம் இருக்கிறதா என்று எட்டிக்கூடப் பார்க்காது.

“காலி இடம் குறைஞ்சுகிட்டே வந்துச்சே?” குறையும். அது வெறும் கழித்தல் கணக்கு. பதினாறிலிருந்து நீங்கள் காப்பி செய்ததைக் கழித்து விண்டோஸே போடும் கணக்கு.

“எர்ரர் எதுவும் வராமலேயே காப்பி முடிஞ்சுதே?” ஒவ்வொரு துண்டையும் அனுப்பும்போது “எழுதிவிட்டாயா?” என்று கம்ப்யூட்டர் கேட்கிறது. “எழுதிவிட்டேன்” என்று டிரைவ் பதில் சொல்கிறது. பொய் சொல்லவே செய்யப்பட்ட சிப், இந்த ஓர் இடத்தில் மட்டும் உண்மை பேசுமா?

“காப்பி பண்ணின கையோட ஒரு வீடியோ ஓட்டிப் பார்த்தேனே, ஓடுச்சே!” இதில்தான் விவரம் தெரிந்தவர்களும் ஏமாறுகிறார்கள். இப்போதுதான் கையாண்ட ஃபைலை விண்டோஸ் தன் ரேமில் கொஞ்ச நேரம் வைத்திருக்கும். நீங்கள் பார்த்தது அந்த ரேம் பிரதியாக இருக்கலாம். டிரைவைக் கழற்றி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, மறுபடி செருகிப் பார்த்திருந்தால் அன்றைக்கே வண்டவாளம் தெரிந்திருக்கும்.

64 ஜிபி நிறைந்த பிறகு என்ன ஆகிறது? சில சிப்புகள் சுற்றி வந்து பழைய இடத்திலேயே எழுதும், அதாவது இரண்டாவது கல்யாணம் முதல் கல்யாணத்தின் மேல் விழும். சில சிப்புகள் வருவதையெல்லாம் வாங்கி அப்படியே காற்றில் விட்டுவிடும். தம்பியின் டிரைவ் இரண்டாவது வகை. அவர் எதிரிலேயே ஒரு ஃபைலை, உள்ளே இருப்பதை அப்படியே எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து உருட்டிக் காட்டினேன். 00 00 00 00. கடைசிப் பக்கம் வரை அதே பூஜ்யம். ஃபைல் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, தேதி இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. பெயர்களை எழுதி வைக்கும் பகுதி டிரைவின் முன்பக்கத்தில் இருப்பதால் அது மட்டும் தப்பித்தது.

ரெக்கவரி முடியாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். அழித்த டேட்டாவை மீட்க வழி இருக்கிறது. எழுதப்படவே இல்லாத டேட்டாவை எங்கே போய்த் தேடுவது? “சென்னையில பெரிய லேப் இருக்காமே” என்று கேட்காதீர்கள். அங்கே போனாலும் அதே 64 ஜிபிதான் இருக்கும். பரிசோதனைக்குப் பணம் கட்டியது மட்டும்தான் மிச்சமாகும்.

நடுவில் ஒரு ஆதங்கம். நல்ல கம்பெனியின் 1 டிபி டிரைவை வாங்கி, விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டினால், “69 ஜிபியை ஆட்டையைப் போட்டுட்டாங்க” என்று கடைக்காரர் சட்டையைப் பிடிக்கிறார்கள். டிரைவ் கம்பெனிகளுக்கு 1 டிபி என்றால் ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் அதையே ஆயிரத்தால் வகுக்காமல் 1,024, 1,024 என்று வகுத்துக் காட்டுவதால் 931 வருகிறது. அங்கே ஒரு பைட்டும் திருடு போகவில்லை. உண்மையான டிரைவோடு சண்டை போடுகிறவர்கள் 16 டிபி புளுகுக்கு ஐந்து ஸ்டார் போட்டு, ‘சூப்பர் ப்ராடக்ட், நல்ல பேக்கிங்’ என்று ரிவ்யூ எழுதுகிறார்கள். வாங்கிய முதல் நாளில் எழுதின ரிவ்யூவுக்கு என்ன மதிப்பு? 64 ஜிபி தாண்டும்வரை அவருக்கும் தெரியாதே.

விலைக்கு வருவோம். எஸ்எஸ்டிக்குள் டேட்டா தங்குகிற ஃப்ளாஷ் சிப் செய்கிற பெரிய கம்பெனிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான், கியாக்ஸியா, சான்டிஸ்க், சீனாவின் ஒய்எம்டிசி. எந்த பிராண்ட் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் பெரும்பாலும் இவர்களிடமிருந்துதான் வர வேண்டும். சந்தையில் சிப் தேங்கிக் கிடந்து விலை தரைதட்டிய 2023 இல்கூட, நம் ஊரில் ஒரு நல்ல 1 டிபி எஸ்எஸ்டி ஏறக்குறைய நாலாயிரம் ரூபாய் இருந்தது. அந்த விலையிலேயே பதினாறால் பெருக்கிப் பாருங்கள். அறுபதாயிரத்தைத் தாண்டும். சாம்சங்கின் 870 க்யூவிஓ 8 டிபி 2020 இல் வந்தது, கையடக்க டி5 ஈவோ 8 டிபி 2023 இல் வந்தது. இதெல்லாம் வந்தபோதே அரை லட்ச ரூபாய்க்கு மேல் போன சமாச்சாரம். அதற்கு மேலே இல்லாமல் இல்லை, சாலிடைம் கம்பெனி 122.88 டிபி வரைக்கும் விற்கிறது. ஆனால் அது டேட்டா சென்டருக்குப் போகிற சரக்கு, விலையும் லட்சங்களில். இரண்டாயிரம் ரூபாய்க்கு உங்கள் வீட்டு வாசலுக்கு வராது.

இப்போது நிலைமை இன்னும் மோசம். ஏஐ சர்வர்களுக்கு மெமரி தேவை எகிறியதில் 2025 கடைசியிலிருந்து விலை மேலே ஏறுகிறது. மைக்ரான் தன் க்ரூஷியல் பிராண்ட் நுகர்வோர் வியாபாரத்தையே முடித்துக்கொள்வதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. அசல் எட்டாத உயரத்துக்குப் போகப் போக, இந்த ‘ஆஃபர்’ பெட்டிகளுக்கு மவுசு கூடும் என்பதுதான் என் பயம்.

எனவே ஒரு வகுத்தல் போடுங்கள். மொத்த விலையை டிபியால் வகுத்து, அதே நாளில் தெரிந்த பிராண்டின் 1 டிபி விலையோடு வைத்துப் பாருங்கள். பெரிய டிரைவில் டிபிக்குக் கொஞ்சம் குறையலாம், பல சமயம் கூடவும் செய்யும். பாதிக்கும் கீழே என்றால் தொடாதீர்கள். அவ்வளவுதான். இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

அசல் டிரைவிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. பெரிய கெபாசிட்டி மலிவாகக் கிடைத்தால் அது பெரும்பாலும் க்யூஎல்சி வகை, டேட்டா தங்கும் ஒவ்வொரு நுண்ணிய செல்லிலும் நான்கு பிட். சாம்சங்கிலேயே டிஎல்சி (செல்லுக்கு மூன்று பிட்) வகையான 870 ஈவோ 1 டிபிக்கு 600 டிபி எழுதும் ஆயுள் வாரன்டி, க்யூஎல்சி வகையான 870 க்யூவிஓ 1 டிபிக்கு 360. அதைவிட எரிச்சல் வேகம். முதலில் கொஞ்ச ஜிபி பறக்கும், வேகத்துக்காக ஒதுக்கிய கேஷ் பகுதி நிறைந்ததும் இந்த 1 டிபி க்யூவிஓ விநாடிக்கு 80 எம்பிக்கு இறங்கிவிடும். சாதா ஹார்ட் டிஸ்க்கே இதைவிட வேகம். படம் பார்க்க, கேம் போட்டு வைக்க இது தாராளம். தினமும் நூற்றுக்கணக்கான ஜிபி கொட்டி எடிட் செய்கிறவர்கள் டிஎல்சி வாங்குங்கள். பெட்டியில் எது என்று போடவில்லை என்றால் க்யூஎல்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மார்க்கெட்டில் இன்னொரு கூத்து, பழைய டிரைவைத் துடைத்துப் புதுசாக விற்பது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘புது’ டிரைவ் ஆயிரக்கணக்கில் மணி காட்டினால் அது எந்த ஆபீஸ் லேப்டாப்பிலிருந்தோ கழற்றியது. அந்த எண்ணையும் அழிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே சீரியல் நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு வாரன்டி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேமராக்காரத் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். கல்யாண ஃபுட்டேஜை வருடக்கணக்கில் பத்திரப்படுத்த உங்களுக்கு 16 டிபி எஸ்எஸ்டி எதற்கு? எடிட்டிங்குக்கு நல்ல 1 அல்லது 2 டிபி எஸ்எஸ்டி போதும். முடிந்த வேலைகளைத் தூக்கி வைக்க ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள், ஒன்றல்ல, இரண்டு. ஒன்று ஸ்டுடியோவில், ஒன்று வீட்டில். டிபி கணக்கில் அதுதான் இன்றைக்கும் மலிவு. எஸ்எஸ்டியைக் கரன்ட் இல்லாமல் அலமாரியில் போட்டு வைத்தால் உள்ளே இருக்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும். எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த நிலையில், 30 டிகிரி வெப்பத்தில், ஒரு வருடம் டேட்டாவைத் தாங்க வேண்டும் என்பதுதான் நுகர்வோர் டிரைவுக்கு ஜெடெக் என்ற தர நிர்ணய அமைப்பு வைத்திருக்கும் அளவுகோல். புது டிரைவ் அதைவிட வெகுகாலம் தாங்கும். ஆனாலும் நம் மதுரை வெயிலில் தகரக் கூரை ஸ்டுடியோ 30 டிகிரியிலா இருக்கிறது?

எது வாங்கினாலும் சோதித்துவிட்டு டேட்டாவை ஏற்றுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3, இரண்டுமே இலவசம். டிரைவ் முழுவதும் எழுதி, திரும்பப் படித்து, ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். நிஜ 2 டிபி டிரைவுக்கு இது சில மணி நேர வேலை, ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். போலி 16 டிபிக்கு முழுச் சோதனை போட்டால், விநாடிக்கு 30 எம்பி வேகத்தில் எழுதி முடிக்க மட்டுமே ஆறு நாளுக்கு மேல் ஆகும், ரிட்டர்ன் தேதி போய்விடும். அந்த மாதிரி சந்தேகப் பெட்டிக்கு வாலிடிரைவ் என்ற மென்பொருள் போதும். அங்கங்கே தொட்டுப் பார்த்துக் கொஞ்ச நேரத்தில் சொல்லிவிடும்.

பார்சல் பிரிப்பதை முழுதாக வீடியோ எடுங்கள். ஜிஎஸ்டி பில், விற்றவர் பெயர், சோதனையின் ஸ்க்ரீன்ஷாட் மூன்றையும் வைத்துக்கொண்டு ரிட்டர்ன் போடுங்கள். மறுத்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். “ரெண்டாயிரம்தானே, போகட்டும்” என்று விடாதீர்கள். நீங்கள் விடுவதால்தான் அந்த விற்பனையாளர் பக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஏற்கெனவே வாங்கி, ஃபைலும் ஏற்றிவிட்டீர்களா? அந்தப் பெட்டியில் இனி ஒன்றும் எழுதாதீர்கள். முதல் 64 ஜிபியில் திறக்கிற ஃபைல்களை உடனே வேறு டிரைவுக்கு மாற்றுங்கள். அப்புறம் முக்கியமானது: ஷூட்டிங்குக்குப் போன கேமரா கார்டு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். காப்பி எடுத்துவிட்டோம் என்று நினைத்து அதை ஃபார்மட் செய்திருந்தாலும் பரவாயில்லை, அதன் மேல் மறுபடி ஷூட் செய்யாமல் இருந்தால் அதிலிருந்து மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. என்னிடம் அந்தப் பளபளப் பெட்டியைக் கொண்டுவராதீர்கள், தம்பி. கார்டை எடுத்து வாருங்கள், அடுத்த முகூர்த்தத்துக்குக் கேமராவில் போடுவதற்கு முன்னால்.